கேடியும் புறம்போக்கும்

வடசென்னையில் வசைகளாகப் புழங்கும் இரண்டு வார்த்தைகள் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து வாய்க்கு வந்தவை. ஒன்று கேடி. மற்றது புறம்போக்கு.

கேடி தமிழ்ச் சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள். கேடு என்பதோடு ஒலியில் உறவு கொண்டாடுவதால் அப்படி நினைப்பது இயல்பு. அது வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் பதிவேட்டில் இருந்த 'நோன் டிப்ரடேட்டர்' என்ற இரண்டு வார்த்தைகளின் முதலெழுத்து. அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்று பொருள். யாரால் அறியப்பட்டவன் என்ற கேள்விக்கு அந்தப் பிரயோகத்தில் இடமில்லை. ஸ்டேஷன் அறிந்தால் போதும். புறம்போக்கு வருவாய்த்துறையின் சொல். தீர்வைக் கணக்குக்குப் புறத்தே நிற்கும் நிலம். யார் பேரிலும் பட்டா இல்லாத ஏரி, குளம், கழி, மேய்ச்சல் தரை, சுடுகாடு. வரி கட்டாத நிலத்தை உதவாத நிலம் என்று முதலில் சர்க்கார் நினைத்தது. பிறகு நாம் நினைத்தோம். பிறகு உதவாத மனிதனை அந்தப் பெயரால் கூப்பிட்டோம். எண்ணூர்க் கழியைப் பற்றி 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளியான பொறம்போக்குப் பாடல் இந்தச் சொல்லின் சீரழிவைப் பலருக்கும் நினைவுபடுத்தியது. ஆனால் கேடியைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை. ஒரே பூமியில், ஒரே பின்கோடில், ஆளுக்கு ஒரு வசை, மண்ணுக்கு ஒரு வசை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பார்வை நமக்கு வேண்டியிருக்கிறது.

அந்தப் பார்வைக்கு எனக்கு உதவியவர் ஸ்டான்லி கோஹென். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குச் சமூகவியல் பாடம் எவரும் நடத்தியதில்லை. புத்தகங்கள் வரிசை மாறித்தான் கையில் கிடைத்தன. கடைசிப் புத்தகத்தை முதலிலும் முதல் புத்தகத்தைக் கடைசியிலும் படித்தேன். அதனால்தானோ என்னவோ, தனித்தனியாகப் பேசப்படும் அந்த இரண்டு புத்தகங்களும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள் என்று எனக்குப் பட்டது.

கோஹென் 1942இல் ஜோஹன்னஸ்பர்கில் பிறந்தவர். 1963இல் லண்டனுக்குப் போய்ச் சில காலம் சமூகநலப் பணியாளராக இருந்தார். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் வாலிபக் கும்பல்கள் சில மோதிக்கொண்டன. சில ஜன்னல்கள் உடைந்தன, சில கடற்கரை நாற்காலிகள் பறந்தன. மறுநாள் பத்திரிகைகள் ஊரே சூறையாடப்பட்டது போல எழுதின. போலீஸ் அடுத்த விடுமுறைக்கு ஆயத்தமாயிற்று. மாஜிஸ்திரேட்டுகள் கடுமை காட்டினார்கள். எல்லோரும் எதிர்பார்த்ததால் அடுத்த விடுமுறையில் அது மறுபடி நடந்தது. 'மாட்ஸ்', 'ராக்கர்ஸ்' என்று இரண்டு பெயர்கள் தேசத்தின் வாயில் வசையாகின. இதை ஆராய்ந்து அவர் 1972இல் வெளியிட்ட 'ஃபோக் டெவில்ஸ் அண்ட் மாரல் பேனிக்ஸ்' குற்றவியல் துறையின் திசையையே மாற்றிய புத்தகங்களில் ஒன்று. குற்றவாளி ஏன் குற்றம் செய்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்த துறையில், சமூகம் சிலரை ஏன் பேயாகப் பார்க்கிறது, அப்படிப் பார்ப்பதால் அந்தச் சிலர் என்ன ஆகிறார்கள் என்று அவர் கேட்டார்.

அதற்குப் பிறகு சிறைகளைப் பற்றி எழுதினார். 1980இல் இஸ்ரேலுக்குக் குடிபோய் ஜெருசலேமில் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் பணி செய்தார். அங்கே பாலஸ்தீனியக் கைதிகள் விசாரணையில் வதைக்கப்படுவதைப் பற்றி 1991இல் வெளிவந்த மனித உரிமை அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர். அறிக்கை வந்தது; எல்லோரும் படித்தார்கள்; வாழ்க்கை நடந்தது. தெரிந்திருந்தும் தெரியாதது போல இருப்பது எப்படிச் சாத்தியமாகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. லண்டனுக்குத் திரும்பி 2001இல் வெளியிட்ட 'ஸ்டேட்ஸ் ஆஃப் டினையல்' அந்தக் கேள்விக்கான புத்தகம். அதன் முன்னுரையில் சிறுவயது ஞாபகம் ஒன்று வருகிறது. ஜோஹன்னஸ்பர்க் குளிர்கால இரவில் வீட்டுக்குக் காவலிருக்கும் வயதான ஜூலு ஒருவர் வெளியே கணப்பருகில் கை காய்ச்சிக்கொண்டிருக்கிறார். உள்ளே கதகதப்பான படுக்கையிலிருந்து பையன் ஜன்னல் வழியே பார்க்கிறான். அவர் ஏன் வெளியே, நான் ஏன் உள்ளே? கோஹென் 2013 ஜனவரியில் இறந்தார். அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த ஜன்னலிலேயே நின்றது என்று சொல்லலாம்.

முதல் புத்தகம் சின்னத் தீங்கைச் சமூகம் பூதாகாரமாக்குவதைப் பற்றியது. கடைசிப் புத்தகம் பெரிய தீங்கைச் சமூகம் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதைப் பற்றியது. இரண்டிலும் விஷயம் கவனம்தான். யார் மேல் விளக்கைத் திருப்புவது, எதன் மேல் திருப்பாமல் இருப்பது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பஸ்ஸில் போகிறவனுக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிய என்னை ரோந்து போலீஸ் நிறுத்தியது. எந்த ஏரியா என்று கேட்டார்கள். காசிமேடு என்றேன். கையில் கல்லூரி நோட்டும் அதற்குள் மடித்து வைத்த சினிமா டிக்கெட்டும் இருந்தன. ஏரியா பெயருக்கு முன்னால் இரண்டும் எடுபடவில்லை. விடிகிற வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, எதுவும் எழுதிக்கொள்ளவுமில்லை. காலையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்தில் இருந்த பையன் என்னைவிட இளையவன். அவனைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டார்கள். அவன் அண்ணன் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 'சந்தேக கேஸ்' என்று எங்கள் பக்கத்தில் சகஜமாகச் சொல்வார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110ஆம் பிரிவுகள் என்று அதற்குப் பெயர் உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. சட்டத்தின் பெயர் மாறி 2024 ஜூலை முதல் அவை 128, 129 ஆகிவிட்டன. எண்கள் மாறினாலும் பெஞ்சு அங்கேயேதான் இருக்கும்.

இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் சமூகவியலாளர் மீனா ராதாகிருஷ்ணாவிடம் வந்து சேர்கிறோம். 2001இல் வெளிவந்த 'டிஸ்ஹானர்டு பை ஹிஸ்டரி' என்ற அவர் நூல் சென்னை ராஜதானியில் குற்றப்பரம்பரைச் சட்டம் எப்படிச் செயல்பட்டது என்பதைச் சொல்கிறது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய அந்தச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னைக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் சுடப்பட்டது நமக்குத் தெரியும். மீனா ராதாகிருஷ்ணா எடுத்துக்கொண்டது குறவர்களை, ஆந்திரப் பகுதியில் எருகுலர் எனப்படுகிறவர்களை. அவர்கள் மாட்டுப் பொதியில் உப்பையும் தானியத்தையும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்து வியாபாரம் செய்தவர்கள். ரயில் வந்தது, சர்க்காரின் உப்புக் கொள்கை வந்தது, பஞ்சம் வந்தது. வியாபாரம் போயிற்று. ஆனால் நடப்பது நிற்கவில்லை. பொதி இல்லாமல் நடக்கிறவன் எதற்காக நடக்கிறான் என்று சந்தேகப்பட்ட ராஜாங்கம் அவனைப் பிறவிக் குற்றவாளி என்று எழுதிக்கொண்டது. பிறகு 'செட்டில்மெண்ட்' என்ற பெயரில் வேலி போட்டு உட்காரவைத்து, ஆலைகளுக்குக் கூலியாளாக அனுப்பியது. ஸ்டூவர்ட்புரத்தில் அந்த வேலியைப் பராமரித்தது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்துவ ஸ்தாபனம்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. அந்த ஸ்டேஷன் கட்டடத்தின் தூண்களைப் பற்றி நாம் பெருமை கொள்கிறோம், கொள்ளத்தான் வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு, வள்ளூர் உப்பளங்களும் நம் ஞாபகத்தில் இருக்கின்றன. உப்பும் ரயிலும் ஒரே கடற்கரையில் சந்தித்ததால் எங்கோ உள்நாட்டில் ஒரு ஜனக்கூட்டத்துக்குக் கேடி என்று பெயர் வந்தது என்பதை எந்தக் கல்வெட்டிலும் காணோம். குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னையில் 1947இலும் தேசம் முழுவதும் 1952இலும் ரத்தாயிற்று. பதிவேடு ஜாதியை விட்டுத் தெருவுக்குக் குடிமாறியது. 'ஹிஸ்டரி ஷீட்' என்று இன்றைக்குச் சொல்கிறோம். சரித்திரம் என்ற வார்த்தைக்கு இதைவிடக் கேவலமான உபயோகம் இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் 1982ஆம் வருஷத்துப் 14ஆம் எண் சட்டம் ஒன்று உண்டு. ஜனங்கள் சுருக்கமாகக் 'குண்டாஸ்' என்பார்கள். விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர், போதைமருந்து விற்பவர், குண்டர், விபசாரத் தரகர், குடிசை நிலத்தை அபகரிப்பவர் என்று தொடங்கிய பட்டியலில் 2004இல் திருட்டு வீடியோக்காரர் சேர்ந்தார். 2014இல் கம்ப்யூட்டர் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் சேர்ந்தார்கள். மணல் திருடுகிறவரும் உண்டு. பொது ஒழுங்குக்கு ஊறு செய்பவர் என்பது இவர்களையெல்லாம் இணைக்கும் நூல். ஆற்றில் சாம்பலையோ எண்ணெயையோ விடுகிறவர் பொது ஒழுங்குக்கு ஊறு செய்கிறவராக இந்தப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விசாரணையில்லாச் சிறை எவனுக்கும் ஆகாது. பட்டியலின் ருசி எங்கே போகிறது, எங்கே போவதில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்த ருசிபேதத்தை முதலில் பெயரிட்டுச் சொன்ன சமூகவியலாளர் அமெரிக்கரான எட்வின் சதர்லாண்ட். 1939இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராகப் பேசும்போது வெள்ளைக் காலர் குற்றம் என்ற பிரயோகத்தை மேடையில் வைத்தார். பிறகு எழுபது பெரிய கம்பெனிகள் மேல் வந்த தீர்ப்புகளையெல்லாம் எண்ணித் தொகுத்து 1949இல் புத்தகமாக்கினார். மானநஷ்ட வழக்குக்குப் பயந்த பிரசுரகர்த்தர் கம்பெனிகளின் பெயர்களை எடுத்துவிடச் சொல்ல, பெயரில்லாமலே அது அச்சாயிற்று. மறு வருஷம் சதர்லாண்ட் இறந்துபோனார். பெயர்களோடு கூடிய பதிப்பு 1983இல்தான் வந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தக் கம்பெனிகளின் பெயர்களை அச்சிட முப்பத்துநான்கு வருஷம்.

இனி கோஹெனின் கடைசிப் புத்தகத்துக்கு வருகிறேன். மறுப்பு மூன்று வகை என்கிறார். நடக்கவே இல்லை என்பது நேர் மறுப்பு. நடந்தது, ஆனால் நீ சொல்கிறதல்ல அது என்பது வியாக்கியான மறுப்பு. நடந்தது, நீ சொல்கிற மாதிரியேதான் நடந்தது, அதனால் எனக்கென்ன என்பது மூன்றாவது. இதைப் பொறுப்பு மறுப்பு என்று சொல்லலாம்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அப்பால் காமராஜர் துறைமுகத்தருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. பிறகு கரிய குழம்பு கரையேறியது. மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். இது முதல் வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், நாரை இறக்கை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. எங்கள் குழாய் எதிலும் கசிவில்லை என்று ஆலை சொன்னது. குழாயில் கசிவில்லாமல் இருக்கலாம். ஆற்றில் எண்ணெய் இருந்தது. கேள்வி ஆற்றைப் பற்றியது, பதில் குழாயைப் பற்றியது. வியாக்கியானம் என்பது இதுதான். அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எண்ணெய்க்காக அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. எல்லாம் சேர்த்து 8 கோடியே 68 லட்சம் சொச்சம். பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. நான் உட்கார்ந்திருக்கும் கௌண்டருக்குத் தாழங்குப்பத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் பாஸ்புக்கோடு வந்தார்.

"பன்னண்டாயிரத்து ஐந்நூறு ஏறிச்சா பாரு தம்பி."

ஏறியிருந்தது. பதிந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"எதுக்கு வந்த துட்டுன்னு இதுல போட்டுக்கீதா?"

"ஏதோ நம்பர்தாம்மா இருக்கு."

"ஆறாயிரம் ரேஷன் கடைல குட்தாங்க. அது வெள்ளத்துக்கு. இது எண்ணெய்க்கு. நாளைக்கு எவனாவது ரெண்டும் வெள்ளத்துக்குதான்னு சொல்லிடுவான். நீ பேனாவுல எழுதிக் குடேன்."

பாஸ்புக்கில் குமாஸ்தா பேனாவால் எழுதக்கூடாது. அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் பேனாவை வாங்கி, அவனையே எழுதச் சொன்னார். அந்த வரிக்கு நேரே 'எண்ணெய்' என்று அவன் எழுதினான். இரண்டாம் வகை மறுப்புக்கு இதைவிடத் துல்லியமான எதிர்வினையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பதிவேடு எழுதுகிறவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பதை அந்த அம்மாவுக்கு யாரும் ஃபூக்கோவைக் கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் வகையை எடுத்துக்கொண்டு மேலே போனவர் காரி நார்கார்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 2000–01 குளிர்காலத்தில் நார்வேயில் ஒரு சிற்றூரில் தங்கினார். புத்தகத்தில் அதற்குப் பிக்டாபி என்று கற்பனைப் பெயர். அந்த வருஷம் பனி தாமதமாகப் பெய்தது. ஏரி சரியாக உறையவில்லை. சறுக்கு மைதானத்துக்குச் செயற்கைப் பனி தூவினார்கள். பருவநிலை மாறுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படித்தவர்கள், பத்திரிகை வாசிப்பவர்கள், பொதுக்காரியங்களில் அக்கறையுள்ளவர்கள். ஆனாலும் அதைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் பேசவில்லை. பேசினால் அச்சமும் குற்ற உணர்வும் வரும். நார்வேயின் வளம் எண்ணெயில் இருக்கிறது என்ற ஞாபகம் வரும். எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று ஊர் கூடி, சொல்லாமலே ஒரு மரியாதையை ஏற்படுத்திக்கொண்டிருந்தது. 2011இல் வெளிவந்த 'லிவிங் இன் டினையல்' கோஹெனின் மூன்றாம் வகையைப் பருவநிலைக்குக் கொண்டுவந்து பொருத்தியது. இப்படியாகக் கிளாக்டன் கடற்கரையில் தொடங்கிய ஒரு குற்றவியல் சிந்தனை பனி பெய்யாத ஒரு மலையூரில் வந்து நின்றது.

அதே 2011இன் கடைசியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் இந்தியாவில் 4,031 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். புவி சூடாவதைப் பற்றி நிறையத் தெரியும் என்றவர்கள் 100க்கு 7 பேர். கேள்விப்பட்டதே இல்லை அல்லது தெரியாது என்றவர்கள் 41 பேர். அது இன்னதென்று சுருக்கமாக விளக்கிய பிறகு, ஆமாம், அது நடக்கிறது என்றவர்கள் 72 பேர். இந்த எண்களைப் பார்த்ததும் நம் படித்த வர்க்கத்துக்கு முதலில் தோன்றுவது ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி ஊட்ட வேண்டும் என்பதே. விளக்கியவுடன் 72 பேர் தலையாட்டினார்கள் என்றால் அவர்களிடம் விஷயம் முன்பே இருந்தது, பெயர்தான் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

திருவொற்றியூரில் கடல் ஏறுவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பருவநிலை என்று யாரும் தொடங்கமாட்டார்கள். துறைமுகம் என்பார்கள். அது அறியாமை என்று குறித்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளர் ஏமாந்துபோவார். 1875இல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் சுவர் கட்டியதும், வருஷத்தின் பெரும் பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரில் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் தேய்ந்தன. பிறகு கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். நகரம் மாலையில் காற்று வாங்கும் மணல் எங்கள் பக்கம் வந்து சேராத மணல். இதற்குப் புவி சூடாவது காரணமில்லை. ஆனால் 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே மணலை இழந்த கரையில்தான் அந்த உயர்வு ஏறுகிறது. காரணங்கள் இரண்டு, பழையது ஜனங்களுக்கு அத்துப்படி, புதியதை அவர்கள் பழையதன் தொடர்ச்சியாகப் புரிந்துகொள்கிறார்கள். நம்புகிறீர்களா, இல்லையா என்ற கட்டத்தில் டிக் அடித்து இதை வாங்கிவிட முடியாது.

நார்கார்டின் சித்தாந்தம் இங்கே ஓர் இடத்தில் முட்டிக்கொள்கிறது. பிக்டாபிக்காரர்கள் சௌகரியத்தால் மௌனமாக இருந்தவர்கள். எண்ணூரில் மௌனமில்லை. கழியில் சாம்பல் கொட்டுவதை எதிர்த்துக் காட்டுக்குப்பத்து மீனவர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2022இல் தீர்ப்பு வாங்கினார். அமோனியாவுக்குப் பிறகு ஜனங்கள் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். பேசாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஆற்றில் இறால் குறைந்த வீட்டின் பிள்ளை, அதே அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் கூலியாகப் போகிறான். அன்றைக்கு அவன் வீடு பேசுவதில்லை. அதற்குப் பெயர் மறுப்பு என்றால் பசிக்கும் மறுப்பு என்று பெயர் வைக்க வேண்டும். மூன்றாம் வகை மறுப்பு வசதியுள்ளவர்களின் சொத்து. அது கூவத்துக்குத் தெற்கே அதிகம். என் போன்ற மாதச்சம்பளக்காரர்களின் மேஜைகளிலும் உண்டு. அனல்மின் நிலையத்துக்குப் பெருங்கடன் கொடுப்பதும், காசிமேட்டுத் தெருப்பெயரைக் கண்டதும் சிறுகடன் விண்ணப்பத்தை இரண்டு முறை புரட்டிப் பார்ப்பதும் வங்கித் தொழிலில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட காரியங்களாகக் கருதப்படுவதில்லை.

இதில் நம் கலை இலக்கியத்தின் பங்கு என்ன? வடசென்னை என்றவுடன் கத்தி என்று ஒரு படிமம் நிலைபெற்றுவிட்டது. 2014இல் வந்த 'மெட்ராஸ்', 2018இல் வந்த 'வடசென்னை' இரண்டும் சாமானியப் படங்களல்ல. சுவரும் துறைமுகமும் அரசியலும் எப்படிக் கத்தியைக் கையில் திணிக்கின்றன என்பதை அவை காட்டின. ஆனால் பார்வையாளன் எடுத்துக்கொண்டு போனது கத்தியைத்தான். கோஹென் சொன்ன பேயுரு இப்படித்தான் வேலை செய்யும். அதை மறுக்க வந்த கலையையும் தின்றுவிடும். புதுக்கவிதையில் கடல் ஏராளம். அந்தக் கடலில் பெரும்பாலும் ஒரு தனிமனிதன் நின்று தன்னைப் பார்த்துக்கொள்கிறான். அமிதாவ் கோஷ் 2016இல் எழுதிய 'தி கிரேட் டிரேஞ்ச்மெண்ட்' நூலில் தீவிர இலக்கியம் பருவநிலை மாற்றத்தைத் தன் எல்லைக்கு வெளியே தள்ளிவைத்துவிட்டது என்று குற்றம் சாட்டினார். நான் அந்தக் குற்றச்சாட்டைத் தமிழில் சற்று மாற்றி வைப்பேன். பருவநிலை என்ற பெரிய சொல்லை நம் கவிகள் எழுதாததில் நஷ்டம் ஒன்றுமில்லை. பெரிய சொற்களில் கெட்டுப்போன கவிதைகள் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. பாஸ்புக்கில் எழுதப்படாத அந்த ஒரு சொல்லை எழுதுகிற காரியம் எழுத்தாளனுடையது என்று தோன்றாமல் போனதுதான் நஷ்டம்.

அவசரமாக ஒன்று நடந்திருக்கிறது. 1986ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை என்று இருந்தது. 2023இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஐந்து வருஷத்துக்காக எத்தனை முதலாளிகள் உள்ளே போனார்கள் என்று கேட்டால் பதில் சுலபமாக இராது. இருந்தாலும் குற்றம் என்ற சொல்லாவது காகிதத்தில் இருந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் ஒட்டிய நாலே மாதத்தில் அந்தச் சொல் போய் அபராதம் என்ற சொல் வந்தது. அபராதம் செலவுக் கணக்கில் ஒரு வரி. அதைப் பதிவது எப்படி என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பதிவேட்டிலிருந்து குற்றம் அழிக்கப்படும் அதே காலத்தில் இன்னொரு பதிவேட்டில் பையன்களின் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பதிவேடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது சமூகவியலாளனின் வேலை என்று கோஹென் வாழ்ந்து காட்டினார். தமிழில் அந்த வேலையைச் செய்யப் பல்கலைக்கழகங்கள் முன்வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கேடி என்று ஒருவனை எழுதும்போதும், புறம்போக்கு என்று ஒரு நிலத்தை எழுதும்போதும், அந்தச் சொல் எந்த ஆபீஸிலிருந்து வந்தது என்று எழுதுகிறவன் விசாரித்துக்கொள்ளட்டும். இப்போதைக்கு நான் கேட்பது அவ்வளவுதான்.